வான சாஸ்திர விற்பன்னர் வைணு பாப்பு

மாந்தர் மறைந்த பின்னும் மறையாது நிற்பது அவர்தம் செய்கை ஒன்றே. பெருஞ்செல்வமும் பேரதிகாரமும் பெற்று வாழ்ந்தோர் பலர், தம் காலம் கழிந்ததும் பெயரும் ஊரும் தெரியாது ஒழிந்தனர். தாம் அரிதிற் கற்ற கல்வியைத் தம்மோடு மாளவிடாது, பின்வருவார்க்கும் பயன்படுமாறு நிலைநாட்டிச் சென்ற சிலரோ என்றும் உளராய் விளங்குகின்றனர். அச்சிலருள் ஒருவராகிய வைணு பாப்பு அவர்களின் சரித்திரத்தை இம்மாதம் நம் அங்கத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் சுருங்கச் சொல்லப் புகுகின்றோம்.

இப்பக்கங்களில் பெரும்பாலும் நம் மரபிற் பிறந்து நம்மவர்க்கு உழைத்த பெரியோர் சரித்திரங்களே வெளிவருதல் வழக்கம். பாப்பு அவர்களை நம் மரபினர் என்று உரிமை பாராட்ட நமக்கு இடமில்லை. ஆயினும் அவரைப்பற்றி எழுதுவதற்குத் தக்க காரணம் உண்டு. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் நம் குடும்பங்களில் இன்று பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர் உளர். அவருள் ஒருவர் இருவர், உடனே ஊதியம் தரும் வேலையை விடுத்து, மேலும் சில ஆண்டு ஆராய்ச்சி செய்ய விரும்புகின்றனர். பெற்றோரோ, தொழிற்பேட்டையில் கைமேற் கிடைக்கும் சம்பளத்தைக் கைவிட்டு, நட்சத்திரத்தையும் அணுவையும் எண்ணிக்கொண்டிருப்பதால் அடுப்பு எரியுமா என்று கேட்கின்றனர். பெற்றோர் கேள்வி நியாயமானதே. பிள்ளைகளின் ஆவலும் இகழத்தக்கதன்று. இவ்விரு திறத்தாரும் ஒருங்கிருந்து படித்தற்குரியது பாப்புவின் வாழ்க்கை என்று நாம் கருதுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

மணாலி கல்லட் வைணு பாப்பு என்னும் முழுப்பெயருடைய இவர் 1927 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10 ஆம் தேதி சென்னையில் பிறந்தார். இவர்தம் குடும்பத்தார் மலையாள நாட்டுத் தலைச்சேரியைச் சார்ந்தவர். பெற்றோர்க்கு இவர் ஒரே புதல்வர். தந்தையார் ஐதராபாத்து நகரத்து நிஜாமியா வான ஆராய்ச்சிச் சாலையில் பணிபுரிந்தமையால், இவர் இளமை அந்நகரிலேயே கழிந்தது. அச்சாலை 1901 ஆம் ஆண்டில் நவாப் ஜாபர் ஜங் என்பவரால் தோற்றுவிக்கப்பட்டுப் பின் நிஜாம் சர்க்காரின் ஆதரவில் வந்தது. உலகத்துப் பல நாட்டினரும் கூடி வானம் முழுமையையும் பகுதி பகுதியாகப் படம்பிடித்து நட்சத்திரக் கணக்கெடுத்த பெருமுயற்சியில் அதுவும் பங்கு கொண்டது.

மற்றப் பிள்ளைகள் தெருவிலும் திண்ணையிலும் விளையாடிய பருவத்தில், இவர் தொலைநோக்கியையும் அதனைத் தாங்கும் கூண்டையும் அருகிருந்து பார்த்து வளர்ந்தார். பார்த்தல் வேறு, பழகுதல் வேறு. தச்சன் மகன் உளியின் கூர்மையைத் தானே அறிவதுபோல், இரவெல்லாம் விழித்துக் குறிப்பெடுக்கும் பொறுமையை இவர் வீட்டிலேயே கற்றார். அந்நாளில் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்திருந்த நிஜாம் கல்லூரியில் பயின்று பௌதிக சாஸ்திரத்தில் தேர்ச்சி பெற்றார். கலாசாலை மாணவராயிருந்த காலத்திலேயே, ஒளி கூடியும் குறைந்தும் மாறும் நட்சத்திரங்களைத் தாமே கவனித்துக் கட்டுரைகள் எழுதி வெளியிட்டார். பரீட்சைக்கு வேண்டாத அவ்வுழைப்பே பிற்காலத்தில் இவர்க்கு வழி திறந்தது. உபகாரச் சம்பளம் பெற்று, அமெரிக்கா தேசத்து ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணாக்கராகச் சேர்ந்தார்.

வால்நட்சத்திரம் கண்டது

ஹார்வர்டில் சேர்ந்து சில மாதங்களே கழிந்திருந்தன. 1949 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2 ஆம் தேதி, வழக்கம்போல் வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தகட்டை ஆராய்ந்துகொண்டிருந்த பாப்புவின் கண்ணில், நட்சத்திரங்களோடு ஒவ்வாத மங்கிய தோற்றம் ஒன்று பட்டது. பிறர் தகட்டின் மாசு என்று தள்ளிவிடக்கூடிய சிறு கறை அது. இவர் தள்ளவில்லை. ஆசிரியராகிய பார்ட் போக் என்பவரும், உடன் பயின்ற கோர்டன் நியூகர்க் என்பவரும் அதனை ஆராய்ந்து உறுதிசெய்தனர். அது அதுகாறும் எவரும் காணாத வால்நட்சத்திரம் என்று தெளிவாயிற்று. மூவர் பெயரையும் சேர்த்துப் பாப்பு-போக்-நியூகர்க் வால்நட்சத்திரம் என அது வழங்கலாயிற்று. பசிபிக் வான சாஸ்திரக் கழகத்தார் இவர்க்குத் தோனகோ பதக்கம் அளித்துச் சிறப்பித்தனர். அப்பொழுது இவர்க்கு வயது 22 நிரம்பவில்லை.

இச்செய்தியை நம்மிற் சிலர் அதிருஷ்டம் என்று கூறக்கூடும். அதிருஷ்டம் ஒருபால் இருந்தது உண்மையே. அவ்விரவு மேகம் மூடியிருந்தால் அந்த ஒளி தகட்டில் விழுந்திராது. ஆனால் அதிருஷ்டம் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுகிறது. விழித்திருப்பவனே எழுந்து திறக்கின்றான். கறைக்கும் வால்நட்சத்திரத்திற்கும் வேற்றுமை தெரிவதற்கு, அதற்குமுன் பற்பல இரவுகள் கண்ணைப் பழக்கியிருத்தல் வேண்டும். மேலும் அவ்வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றி மீண்டும் வருதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் செல்லும். அதனைக் கண்ட புகழை மட்டும் நம்பி வாழ்ந்திருந்தால், பாப்புவின் பெயரும் அதனோடு தொலைவிற் சென்று மறைந்திருக்கும். அவர் அங்ஙனம் அமையவில்லை.

ஒளியை அளந்த உழைப்பு

1952 ஆம் ஆண்டில் பாப்பு டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே கார்னகி உதவி பெற்றுக் கலிபோர்னியா நாட்டுப் பாலோமார் மலைக்குச் சென்றார். 200 அங்குல விட்டமுள்ள ஆடியைக் கொண்ட, அந்நாளில் உலகிற் பெரியதாயிருந்த தொலைநோக்கி அம்மலைமீது உள்ளது. அங்கே ஆலின் வில்சன் என்னும் ஆராய்ச்சியாளரோடு கூடிப் பாப்பு செய்த வேலையே இவர்க்கு அழியாப் புகழ் தந்தது. அதனை நம் வீட்டுப் பெண்மக்களும் சிறுவர்களும் அறியும்படி விளக்க முயல்வோம்.

இரவில் அம்பத்தூர் ரயிலடி மேடையில் நின்று தண்டவாளம் வழியே நோக்குங்கால், தொலைவில் ஒரு சுடர் தெரிகிறது. அது அருகிலே ஒருவன் கையிற் கொண்டுவரும் சிறு விளக்கா, நெடுந்தூரத்தில் வரும் வண்டியின் பெருவிளக்கா என்று கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே அளவாகத் தோன்றும். விளக்கின் உண்மை ஆற்றல் இவ்வளவு என்று யாரேனும் கூறுவாராயின், அது எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று கணக்கிட்டுவிடலாம். தூரம் 2 மடங்கானால் ஒளி 4 இல் 1 பங்காகும். 3 மடங்கானால் 9 இல் 1 பங்காகும். நட்சத்திரங்களின் நிலையும் இதுவே. ஒரு நட்சத்திரம் மங்கித் தோன்றுவது அதன் இயல்பாலா, தொலைவாலா என்பதே வான சாஸ்திரிகளை நெடுநாள் வருத்திய வினா.

நட்சத்திர ஒளியை முப்பட்டைக் கண்ணாடி முதலிய கருவிகளாற் பகுத்தால், வானவில்லைப்போல் நிறங்கள் வரிசையாகத் தோன்றும். அந்நிற வரிசையின் குறுக்கே கரிய கோடுகள் பல காணப்படும். அவற்றுள் ஊதாப் பகுதியில் உள்ள ஒன்று, நட்சத்திரத்தின் வாயுவிலுள்ள கால்சியம் என்னும் பொருளால் உண்டாவது. நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பிலும் அப்பொருளே அடங்கியுள்ளது. நம் சூரியனை ஒத்தவையும், அதனினும் வெப்பம் குறைந்து செம்மை மிக்கவையுமான நட்சத்திரங்களில், அக்கரிய கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தோன்றுவதுண்டு. வில்சனும் பாப்புவும் 185 நட்சத்திரங்களின் படங்களை எடுத்துக்கொண்டு, அக்கீற்றின் அகலத்தை ஒவ்வொன்றிலும் அளந்தனர். இயற்கையில் ஒளி மிகுந்த நட்சத்திரத்தில் கீற்று அகன்றும், ஒளி குறைந்ததில் குறுகியும் இருப்பதைக் கண்டனர். அகலத்தை அளந்தால் உண்மை ஒளி தெரியும்; உண்மை ஒளி தெரிந்தால் தூரம் தெரியும். 1957 ஆம் ஆண்டில் இம்முடிபு வெளியாயிற்று. வில்சன்-பாப்பு விளைவு என்னும் பெயரால் உலகத்து வான சாஸ்திர நூல்கள் இதனை இன்றும் கூறுகின்றன.

வால்நட்சத்திரம் ஓர் இரவிற் கிடைத்தது. இவ்வுண்மையோ, மயிரிழை போன்ற கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அளந்து, பிழை நேர்ந்ததோ என்று மீண்டும் அளந்து பெற்றது. ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் இத்தகைய கூலி காணா வேலையே என்பதை, அதனை விரும்பும் நம் பிள்ளைகள் முன்னரே அறிந்துகொள்வது நலம்.

தாய்நாடு திரும்பியது

1953 ஆம் ஆண்டில் பாப்பு இந்தியாவுக்குத் திரும்பினார். இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். இவர் கையாண்டு பழகியது உலகிற் சிறந்த கருவிகளை. தாய்நாட்டிலோ நட்சத்திர ஆராய்ச்சிக்கேற்ற பெருங்கருவி ஒன்றேனும் இல்லை. தம் தந்தையார் பணிபுரிந்த நிஜாமியாவிலிருந்த சிறந்த தொலைநோக்கியின் விட்டம் 15 அங்குலமே. 200 அங்குலத்திலிருந்து 15 அங்குலத்திற்கு இறங்கிவர மனம் யாருக்கு இசையும்? அமெரிக்காவிலேயே தங்கியிருப்பின் பதவியும் வசதியும் குறைவின்றிக் கிடைத்திருக்கும். அங்ஙனம் தங்குவோரை நாம் குறைகூற மாட்டோம். அவரவர் குடும்ப நிலை அவரவர்க்கே தெரியும். ஆயினும் திரும்பி வருவோர் எதனை இழந்து வருகின்றனர் என்பதை நாம் அறிந்தாலன்றி, அவரை மதிக்க வேண்டிய அளவில் மதியோம்.

1954 ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேச சர்க்கார் காசியில் புதிதாக வான ஆராய்ச்சிச் சாலை ஒன்றைத் தொடங்கினர். அதன் தலைமை ஆராய்ச்சியாளராகப் பாப்பு அமர்ந்தார். காசி நகரத்துப் புழுதியும் விளக்கொளியும் நட்சத்திரம் காண்பதற்கு உதவா என்பதைக் கண்டு, 1955 ஆம் ஆண்டில் அச்சாலை இமயமலைச் சாரலிலுள்ள நைனிதாலுக்கு மாற்றப்படுவதற்கு இவரே காரணராயிருந்தார். கங்கைக்கரைப் பெருநகரை விட்டு மலையேறுவது அன்று சிலர்க்கு விந்தையாகத் தோன்றியிருக்கலாம். இன்று அம்பத்தூர் வீட்டு மாடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு அதன் காரணம் எளிதில் விளங்கும். ஆலைகளின் விளக்கும் நெடுஞ்சாலை விளக்கும் வானத்தை வெளிறச் செய்தமையால், விரல்விட்டு எண்ணத்தக்க மீன்களே இங்குத் தெரிகின்றன.

கோடைக்கானலும் காவலூரும்

1960 ஆம் ஆண்டில், தமது 33 ஆம் வயதில், பாப்பு கோடைக்கானல் வான ஆராய்ச்சிச் சாலையின் தலைவரானார். அச்சாலையின் மரபு நம் சென்னையோடு தொடர்புடையது. 1792 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் நிறுவிய சாலையே அதற்கு மூலம். அந்நுங்கம்பாக்கத்துச் சாலையில் உதவியாளராய்ப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார் 1867 ஆம் ஆண்டில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்து புகழ்பெற்றார். 1899 ஆம் ஆண்டில் அவ்வாராய்ச்சி பழனிமலைத் தொடரிலுள்ள கோடைக்கானலுக்கு மாறிச் சூரியனை ஆராய்வதில் சிறந்து விளங்கியது.

சூரியனை ஆராய்வதற்கு ஏற்ற கோடைக்கானல், இரவில் நட்சத்திரம் காண்பதற்கு அத்துணை ஏற்றதன்று. ஆதலின் பாப்பு தென்னாட்டு மலைகள் பலவற்றிலும் இடம் தேடச்செய்தார். முடிவில் ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூர் தெரிந்தெடுக்கப்பட்டது. பூமத்திய ரேகைக்கு 13 பாகைக்குள் இருப்பதனால் அவ்விடத்திலிருந்து வடவானமும் தென்வானமும் ஒருங்கே காணலாம். காடு சூழ்ந்தமையால் ஊர்விளக்கின் இடையூறும் இல்லை. நம் அம்பத்தூர் வழியே மேற்கே செல்லும் இருப்புப்பாதை அரக்கோணம், காட்பாடி, ஆம்பூர் கடந்து வாணியம்பாடியை அடைகிறது. அங்கிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர். நாள்தோறும் நம்மவர் பலர் வேலைக்குச் செல்லும் அப்பாதையே பாப்புவின் மலைக்கும் வழி என்பதை நம்மிற் பலர் அறியார்.

1968 ஆம் ஆண்டில் 38 செண்டிமீட்டர் விட்டமுள்ள சிறு தொலைநோக்கியோடு காவலூரில் வேலை தொடங்கிற்று. அக்கருவி கோடைக்கானற் சாலையிலேயே செய்யப்பட்டது. 1972 ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த 1 மீட்டர் தொலைநோக்கி அங்கு அமைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் 7 ஆம் தேதி, வியாழனின் சந்திரர்களுள் ஒன்றாகிய கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. அக்காட்சி காவலூரிலும் ஜாவா தீவிலும் அளக்கப்பட்டு, அச்சந்திரனுக்கு மெல்லிய வாயுமண்டலம் உண்டென்னும் கருத்துக்கு இடம் தந்தது. 1977 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10 ஆம் தேதி யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டென உலகம் அறிந்தபோது, அதனைப் பதிவுசெய்த இடங்களுள் காவலூரும் ஒன்றாயிருந்தது. ஆட்டுமந்தைகள் மேய்ந்த மலைக்காட்டிலிருந்து பத்தாண்டுக்குள் இத்தகைய செய்திகள் வெளிவந்தன.

1971 ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சிச் சாலைகள் இந்திய வானியற்பியல் கழகம் என்னும் தனி நிலையமாயின. அதன் தலைவராகவும் பாப்புவே விளங்கினார். 1979 ஆம் ஆண்டில் சர்வதேச வான சாஸ்திரச் சங்கத்தின் தலைமை இவரை நாடி வந்தது. இந்தியர் ஒருவர் அப்பதவி வகித்தது அதுவே முதன்முறை. 1981 ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் பத்மபூஷண் விருது அளித்தனர்.

நிறைவேறக் காணாத பணி

பாப்புவின் உள்ளத்திலிருந்த பெருவிருப்பம் வேறொன்று. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை நம் நாட்டார் கையாலேயே வகுத்துச் செய்தல் வேண்டும் என்பதே அது. பிற தேசத்தாரிடம் விலைகொடுத்து வாங்கினால் கருவி மட்டும் கிடைக்கும். நாமே செய்தால் கருவியோடு அதனைச் செய்யும் அறிவும் கிடைக்கும் என்பது அவர் கொள்கையின் சாரம். அதற்குரிய ஆடியைத் தேய்த்து மெருகிடும் வேலை பெங்களூரில் நடைபெற்றது. அவ்வேலை ஆண்டுக்கணக்கில் நீளும் இயல்புடையது. மயிரிழையிற் பல்லாயிரத்தில் ஒரு பங்கு மிகுந்தாலும் பிழையே. தேய்த்ததை மீண்டும் ஒட்டவைத்தல் இயலாது.

அவ்வாடி முற்றுப்பெறுதற்கு முன்னரே பாப்புவின் வாழ்நாள் முற்றுப்பெற்றது. இருதய நோய்க்கு ஜெர்மனி தேசத்து மூனிக் நகரில் இரண சிகிச்சை செய்துகொண்டார். அவர் தலைமை வகித்த சர்வதேசச் சங்கத்தின் மகாநாடு கிரேக்க நாட்டில் கூடியிருந்த அந்நாட்களில், 1982 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19 ஆம் தேதி, அந்நகரிலேயே உயிர் நீத்தார். வயது 55.

தலைவர் மறைந்தார் என்று வேலை நின்றுவிடவில்லை. அவரிடம் பயின்றோரும் உடனுழைத்தோரும் ஆடியை முடித்து, நம் நாட்டு ஆலைகளிற் செய்த தாங்கியிற் பொருத்திக் காவலூரில் நிறுவினர். 1986 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6 ஆம் தேதி பிரதம மந்திரி ராஜீவ் காந்தி அதனைத் திறந்துவைத்தார். தொலைநோக்கிக்கும் காவலூர்ச் சாலைக்கும் வைணு பாப்புவின் பெயரே இடப்பட்டது. 1988 ஆம் ஆண்டில் காவலூரிலிருந்து கண்டறியப்பட்ட ஒரு சிறு கிரகத்திற்கு, நம் கும்பகோணத்துக் கணித மேதை இராமாநுஜன் பெயர் சூட்டப்பட்டது. பாப்பு விதைத்த மரம் அவர் மறைந்த பின்னும் காய்த்தது என்பதற்கு இதுவே சான்று.

நாம் கொள்ள வேண்டுவது

இச்சரித்திரத்தால் நாம் அறியக்கிடப்பன சில. முதலாவது, இளம்பருவத்தில் பரீட்சைக்கு அப்பாற்பட்ட ஆவல் ஒன்று பிள்ளையிடம் தோன்றுமாயின், அதனைக் காலப்போக்கு என்று பெற்றோர் அடக்கலாகாது. இரண்டாவது, எல்லாப் பிள்ளைகளும் பாப்பு ஆவதில்லை. உபகாரச் சம்பளம் கிடையாதோரும், வீட்டுப் பாரம் சுமப்போரும் உடனே வேலைக்குச் செல்வதில் இழுக்கொன்றுமில்லை. தம்பி படிக்கத் தான் உழைக்கும் தமையனும் ஆராய்ச்சிக்கு உதவியவனே. மூன்றாவது, ஆராய்ச்சி செய்யப் புகும் பிள்ளையும் தன் கடமையை மறத்தலாகாது. பாப்பு தாம் கண்ட வால்நட்சத்திரத்தோடு நில்லாது, பின்வருவோர் கடல்கடந்து செல்லாமலே காண்பதற்கொரு மலையையும் கருவியையும் விட்டுச் சென்றார். தான் பெற்ற கல்வியால் பின்வரும் மாணாக்கர்க்கு ஒரு படியேனும் அமைத்துக் கொடுப்பதே அதற்குச் செலவிட்ட குடும்பத்திற்கும் ஊருக்கும் செய்யும் கைம்மாறு.

நம் சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் கல்வி உதவியில், தொழிற்கல்விக்கு ஒதுக்குவதோடு, ஆராய்ச்சி விரும்பும் ஓர் ஆணுக்கோ பெண்ணுக்கோ சிறு பங்கேனும் ஒதுக்குதல் தகும் என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம். அதன் பயனை நாம் இருந்து காண்போம் என்று சொல்வதற்கில்லை. தாம் தொடங்கிய ஆடியிற் பட்ட முதல் நட்சத்திர ஒளியைப் பாப்புவும் காணவில்லை. காணாமலே அவர் செய்த வேலையால் பலர் இன்று காண்கின்றனர். விடுமுறை நாளில் நம் குடும்பத்தார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஜவ்வாது மலைப்பக்கம் செல்ல நேர்ந்தால், மரங்களின் மேலே தோன்றும் அவ்வெண்ணிறக் கூண்டைச் சுட்டிக்காட்டி, இவர் சரித்திரத்தை எடுத்துரைப்பார்களாக.